அமாவாசைக்கு அடித்த நோட்டீஸ்

இன்று காலை அச்சகத்தில் பசை காய்ச்சினேன். மைதா கொதித்து, மாடு தின்னாமலிருக்க மயில்துத்தத்தைத் தூவியதும் வருமே ஒரு வாடை, அது மூக்கில் ஏறியதும் உன் குரல்தான் கேட்டது. "மயில்துத்தம் நெறைய போடுடா. போன வாட்டி நம்ம நோட்டீஸை மாடுங்கதான் படிச்சிதுங்க." ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பசை, உன் அஞ்சலி நோட்டீஸை ஒட்டுவதற்கு. நாளை உனக்குக் காரியம்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். பத்து வருஷம் அவகாசம் இருந்தது. அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை முறை டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்! மழையைப் பேசினோம், பஸ்ஸைப் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. கோழை என்று என்னை நீ திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நீ களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினாய். முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தாய். நான் ஆரணியில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தேன். நான் பத்திரிகை அடித்த கல்யாணத்துக்கு நீ ஊர்வலத்தில் வாசிப்பாய். பந்தியில் எனக்கு முன்வரிசை, உனக்குக் கடைசி வரிசை. அப்படித்தான் பழக்கம்.

ஒரு நாள் மில்லுக்கு என்னைக் கூட்டிப்போனாய். கிடங்கில் ஒரு தூணிலிருந்து எதிர்த் தூணுக்கு முழங்கால் உயரத்தில் எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தாய். ஒரு முனையில் காலி மண்ணெண்ணெய் டின். கால் பெருவிரலால் கம்பியைச் சுண்டினாய். டின் முனகியது. அது அடங்குவதற்குள் கிளாரினெட்டை வாயில் வைத்து அந்த முனகலின் வாலைப் பிடித்துக்கொண்டு எங்கோ போனாய். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. எனக்கு முதுகு சில்லிட்டது.

"இன்னா பாட்டுடா இது?" என்றேன்.

"பாட்டு இல்லடா. கம்பி பேசுது, நான் பதில் சொல்லிகினு கீறேன். நீ சும்மா கேளு."

இதை நாலு பேர் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதுவரைக்கும் என் எண்ணத்தில் அழுக்கு இல்லை, அதை மட்டும் நம்பு. ஆனால் எங்கே வாசிப்பது? எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம். உன் கம்பியின் முனகல் அதில் காணாமல் போய்விடும். நீதான் வழி சொன்னாய்: "அமாவாசைக்குத் தறி நிக்கும் இல்ல? அன்னிக்கு வெச்சிக்கலாம்." மாதத்தில் அந்த ஒரு நாள்தான் ஆரணி வாயை மூடிக்கொண்டிருக்கும்.

என் மாமாவின் பட்டு முறுக்கும் பட்டறை அன்று பூட்டிக் கிடக்கும். அவருக்குத் தெரியாமல் சாவியை எடுப்பேன். கழிவுத் தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நோட்டீஸ் அடிப்பேன். "அமாவாசை. மதியம் மூன்று மணி. பேசக் கூடாது." அவ்வளவுதான். சுவரில் ஒட்டியது போக மீதியைப் பஸ் கண்டக்டர்கள் கையில் கொடுத்தால் வந்தவாசிக்கும் பெரணமல்லூருக்கும் போய்விடும். பன்னிரண்டு பேர் வருவார்கள். பதினைந்து பேர் வந்தால் உனக்குச் சிரிப்பாக வரும்: "பெரிய கூட்டம்டா!"

அமாவாசை, பூட்டிய பட்டறை, உள்ளே முனகல். ஊர் சும்மா இருக்குமா? யாரோ பேயோட்டுகிறார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். பின் தெருவிலிருந்து ஒரு அம்மா எலுமிச்சம்பழமும் மருமகளுமாக வந்து நின்றதை மறந்திருக்க மாட்டாய். "சாமி, இவ ராத்திரியில பெனாத்தறா. ஜல்தி ஏதாவது பண்ணுங்க" என்றார். நான் விரட்டப் போனேன். நீ தடுத்து, இருவரையும் உட்கார வைத்து வாசித்தாய். முடிந்ததும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேய் போச்சோ இல்லியோ, எங்க அம்மா நெனப்பு வந்துச்சிப்பா" என்று எலுமிச்சம்பழத்தை உன் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பழத்தை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாய். அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்: வந்து உட்காருகிறவர்களுக்கு நீ வாசித்தது புரியத்தான் செய்தது.

எனக்குப் பன்னிரண்டு பேர் போதவில்லை. கூட்டம் சேர்ப்பவன் என்ற பெயர் வேண்டியிருந்தது. எங்கள் அச்சகத்துக்கு வாடிக்கையான பட்டு வியாபாரி ஒருவரிடம் கெஞ்சி, அவருடைய கல்யாண மண்டபத்தைத் தை அமாவாசைக்கு வாங்கினேன். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் "இன்னிசை மழை" என்று கோத்தேன். எந்தப் பாட்டு, யார் வாசிப்பது, ஒன்றும் போடவில்லை. சினிமாப் பாட்டுக் கச்சேரி என்று ஜனங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றேதான் விட்டேன்.

நீ அதைப் பிடித்துக்கொண்டாய். "இன்னிசைன்னு போட்டுகீற. நாம வாசிக்கறது அதுவா?"

"மொதல்ல வரட்டும்டா. வந்து உக்காந்துட்டா கேட்டுத்தானே ஆவணும்."

அந்த மண்டபத்தின் வாசலில் நீ எத்தனையோ முறை வாசித்திருக்கிறாய். பேண்டு செட் வாசலோடு நின்றுவிடும்; உள்ளே வாசிப்பது வேறு ஆட்கள். காலனியிலிருந்து வருகிற உங்களுக்கு அந்த மேடை எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். உன் மனைவி கடைசி வரிசையில், தூணோரம் உட்கார்ந்திருந்தார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பூவும் புடவையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நீ மேடையில் கம்பியைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாய். ஐந்து நிமிஷம் பொறுத்தார்கள். பிறகு இருமல், கனைப்பு. "யப்பா, பாட்டு எப்போ போடுவே?" என்று ஒரு குரல். பின்னாலிருந்து சீழ்க்கை. முன்வரிசையில் வியாபாரி திரும்பி என்னைப் பார்த்தார். உனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ கம்பியோடு பேசிக்கொண்டிருந்தாய்.

நான் மேடை ஏறி மைக்கைப் பிடித்தேன். ஜனங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தப்பு என்னுடையது, பிடிக்காதவர்கள் போகலாம், இவரை வாசிக்க விடுங்கள்" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் சொன்னது இது:

"பெரியோர்களே, தாய்மார்களே! இது வரைக்கும் நீங்க கேட்டது சிரிப்பு நிகழ்ச்சி. ரைஸ் மில்லு மெஷின் கெட்டுப் போனா எப்படிக் கத்தும்னு நம்ம தம்பி பலகுரல் பண்ணிக் காட்னாரு. ஒரு கை தட்டுங்க! இப்போ பாட்டு ஆரம்பம்."

மண்டபம் குலுங்கச் சிரித்தது. நீ கண்ணைத் திறந்தாய். என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தாய், தூணோரம் பார்த்தாய். பிறகு கோமாளிகள் செய்வதுபோலக் குனிந்து ஒரு கும்பிடு போட்டாய். கம்பியை அவிழ்த்துச் சுருட்டினாய். ஊர்வலத்தில் வாசிக்கும் சினிமாப் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, பிசிறில்லாமல் வாசித்தாய். வியாபாரி என் தோளைத் தட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

களம்பூர் பஸ் ஏறும்போது நீ சொன்னது ஒரே வார்த்தை: "கூட்டம் நல்லாத்தான்டா சேத்த."

அதற்கப்புறம் நீ கம்பியைத் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்து வருத்தப்படுவதில்கூட ஒரு சுகம் இருந்தது, பெரிய கலையை அழித்துவிட்ட பெரிய பாவி என்று. அதையும் உன் சாவு வீட்டில் பிடுங்கிவிட்டார்கள்.

"அஞ்சலி நோட்டீஸ் நானே அடிக்கிறேன்" என்று சொன்னேன். உன்னோடு மூட்டை தூக்குபவர், நரைத்த மீசைக்காரர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அச்சாபீஸ்காரரா? மாசா மாசம் அமாவாசைக்கு மில்லு கிடங்குல வாசிப்பாருங்க. நாங்க ஒரு முப்பது பேரு. பொம்பளைங்க, கைப்புள்ளைங்க எல்லாம் வருவாங்க. ஒரு சத்தம் இருக்காது. 'ஆரணியில என் சிநேகிதன் ஒருத்தன் கீறான், அவன் காதுல மட்டும் போட்றாதீங்க, நோட்டீஸ் அடிச்சிடுவான்'னு சொல்லிகினே இருப்பாரு."

சுற்றியிருந்தவர்கள் துக்கத்திலும் சிரித்துவிட்டார்கள். உன் மனைவி சிரிக்கவில்லை. "உங்களயும் கூப்ட்டிருக்கலாம். ஆனா அவருக்கு மனசு வரலைங்க" என்றார். என்னை நீ வெறுக்கவில்லை, சிநேகிதன் என்றே சொல்லியிருக்கிறாய். கேட்க மட்டும் விடவில்லை. பத்து வருஷம், அமாவாசைதோறும், ஏழெட்டு மைலுக்கு அப்பால்.

நேற்று உன் அஞ்சலி நோட்டீஸைக் கோத்து முடித்ததும், அடியில் ஒரு பெட்டி கட்டினேன். எங்கள் தொழிலில் தப்பாக அடித்துவிட்டால் பிழை திருத்தம் போடுவது வழக்கம். "பிழை திருத்தம்: தை அமாவாசையன்று இவர் வாசித்தது சிரிப்பு நிகழ்ச்சி அல்ல. இசை." ஒரு புரூஃப் எடுத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. இதை ஒட்டினால் ஊரே படிக்கும், என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று சொல்லும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்ததும் விழித்துக்கொண்டேன். உன்னை வைத்து இன்னொரு கூட்டம் சேர்க்கப் பார்த்தேன். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்துப் பெட்டியில் அததன் அறையில் போட்டுவிட்டேன். நோட்டீஸில் இப்போது உன் பேர், ஊர், தேதி மட்டும்தான்.

ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. நான் மைக்கில் பேசி முடித்ததும் ஜனங்கள் உடனே சிரிக்கவில்லை. ஒரு நொடி குழம்பிப்போய், அமைதியாக இருந்தார்கள். உன் டின் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நொடி மட்டும் அவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. முதலில் கை தட்டியது நான்தான்.