லெமுவல் பேர் ஒட்டிய கதவு

பயிற்சி முகாம், பென்சில்வேனியா
19 ஜூலை 1971

அன்பு வெல்மா அக்கா,

நல்லா இருக்கேன். முழங்கால்தான் காலையில எழுந்திருக்க யோசிக்குது. இது ஆறாவது ஃபுட்பால் டீம். முன்வரிசையில எவனுக்காவது எலும்பு முறிஞ்சாதான் என் ஞாபகம் வரும். முப்பத்திரண்டு வயசாச்சு. இங்கேயும் கழிச்சுட்டா இனி எவனும் கூப்பிட மாட்டான்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. ஆள் கழிக்கிற நாள்ல விடியறப்போ ஒருத்தர் வந்து கதவைத் தட்டுவார். "கோச் கூப்பிடறார். ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா." அவ்வளவுதான், புத்தகத்தை வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. காலைச் சாப்பாட்டுக்குள்ள கதவுல டேப்புல எழுதி ஒட்டின பேரை உரிச்சுடுவாங்க. அப்புறம் அவன் பேரை எவனும் எடுக்கிறதில்லை, அடுத்தது நாமளோன்னு பயம்.

அஞ்சு ஊர்லயும் என் கதவைத் தட்டினது ஒரே ஆள், அக்கா. பழுப்புத் தொப்பி, வளைஞ்ச சுண்டுவிரல். நேத்து அவரை இங்கே தாழ்வாரத்துல பாத்தேன். என் அறைக்கூட்டாளி டுவைட்டைக் கேட்டா, "இங்க தட்டுறவர் சிவப்பு முடி, நல்ல குண்டு"ன்றான்.

உன் தம்பி,
லெம்

போர்ட் ஆர்தர், டெக்சஸ்
28 ஜூலை

என் செல்லத் தடியா,

ஈஸ்டருக்கு வரேன்னு சொல்லி என்னைச் சமைக்க வெச்சுட்டு வராம இருந்தே. அதுக்கு ஒரு வரி இல்லை, தொப்பிக்காரனுக்கு மட்டும் பக்கம் பக்கமா. மண்டையில வாங்கின அடியெல்லாம் இப்ப வேலை செய்யுது போல. பக்கத்து வீட்டு எஸ்தர் நாய் என் தக்காளிப் பாத்தியைத் தோண்டிப் போட்டுடுச்சு, இங்கே அதுதான் பெரிய செய்தி.

பேரைப் பாத்துதானே தட்டறான்? உரிச்சு எனக்கு அனுப்பு. என் கதவுல ஒட்டிக்கிறேன். வரட்டும், நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்.

அக்கா,
வெல்மா

முகாம்
9 ஆகஸ்ட்

அக்கா,

நீ விளையாட்டுக்குத்தான் சொன்னே. நான் நிஜமாவே உரிச்சுட்டேன். கணுக்கால்ல சுத்துற வெள்ளை டேப்புதான், இந்தக் கடுதாசியோடயே வெச்சிருக்கேன். இன்னிக்கு அவர் வந்தார். எங்க கதவை ரொம்ப நேரம் பாத்துட்டு டுவைட்டைக் கூட்டிட்டுப் போயிட்டார். என்னை ஏறெடுத்தும் பாக்கலை. வெட்கமா இருக்கு, சந்தோஷமாவும் இருக்கு.

லெம்

போர்ட் ஆர்தர்
30 ஆகஸ்ட்

லெம் கண்ணா,

ஒட்டிட்டேன், அழகா இருக்கு. நேத்து உன் ஆள் வந்தார்டா. நல்ல மரியாதைக்காரர், தொப்பியைக் கையில எடுத்துட்டுத்தான் பேசினார். "இந்தக் கதவுல இருக்கிறவங்க யாரு?"ன்னார். "நான்தான், இப்ப என்னங்கறீங்க?"ன்னேன். "கோச் கூப்பிடறார், புத்தகத்தை எடுத்துக்குங்க"ன்னார். சமையல் புத்தகம்தான் இருக்குன்னேன். அது போதும்னார்.

அடுப்புல ஆப்பிள் பை வெந்துட்டு இருக்கு, சனிக்கிழமை வாங்கன்னு அனுப்பிட்டேன். யாருடா அவர்? டீம் ஆளுங்க இவ்வளவு தூரம் வருவாங்களா? அவர் போனப்புறம் வீடு சில்லுன்னு இருக்கு, ஆகஸ்ட் மாசத்துல.

வெல்மா

முகாம்
12 செப்டம்பர்

அக்கா,

உன் கடுதாசி சனிக்கிழமை தாண்டித்தான் கைக்கு வந்தது. அன்னிலேர்ந்து போன் பண்றேன், மணி அடிச்சுட்டே இருக்கு. நான் டீம்ல தங்கிட்டேன். உன்கிட்ட சொல்லாம அது எனக்குச் சந்தோஷமாவே இல்லை.

எஸ்தருக்குப் போன் பண்ணினேன். நாயைப் பத்தி, மழையைப் பத்தியெல்லாம் பேசினாங்க. "வெல்மா எங்கே?"ன்னேன். காதுல விழாத மாதிரி மறுபடி மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. கழிஞ்சு போனவன் பேரை யாராவது எடுத்தா சாப்பாட்டு மேஜையில நாங்க பேச்சை மாத்துவோமே, அதே மாதிரி.

நான் பயந்தாங்கொள்ளி, அக்கா. என் பேரை நானே வெச்சுட்டு இருந்திருக்கணும். உனக்குப் பதிலா என்னையே கூட்டிட்டுப் போகட்டும்னு புது டேப்புல பெரிசா எழுதிக் கதவுல ஒட்டிட்டேன். புத்தகம் மடியில இருக்கு. தினமும் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உக்காந்துடறேன். தொப்பிக்காரர் தாழ்வாரத்துல வர்ற சத்தம் கேக்குது. என் கதவுகிட்ட வந்து நிக்கறார், அப்புறம் போயிடறார்.

தட்ட மாட்டேங்கறார், அக்கா.

லெமுவல்