மூன்று வருட வாரன்டியும் சமயநல்லூர் வெயிலும்

மதுரை,
11.6.2002

அன்புள்ள சாய்குமாருக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் மருமகளும் டல்லாஸில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இவ்வளவு பெரிய அட்டவணை போட உனக்கு நேரம் கிடைத்திருக்காது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ குறுக்கே பேசுவாய், உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கடிதத்தில் அந்த இரண்டு தொல்லையும் கிடையாது.

உன் அட்டவணையை கிரி மாமா பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். பதினோரு கார், எது அடிக்கடி பழுதாகும் எது ஆகாது என்று ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம், எத்தனை வருட வாரன்டி என்று ஒரு கட்டம். அதில் ஏழு கார் இந்தியாவிலேயே விற்பதில்லை என்பதை நீ கவனிக்கவில்லை. மிச்சம் நாலுக்கும் நட்சத்திரம் போட்டவர்கள் வெளிநாட்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். முனிச்சாலையில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி ஐந்து மாதமாகிறது, அந்தப் பள்ளத்தில் ஒருநாள் இறங்கி ஏறினால் எத்தனை நட்சத்திரம் மிஞ்சும் என்று அவர்களைக் கேட்டுச் சொல். இருபத்தேழு வருடம் இன்சூரன்ஸ் ஆபீஸில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்தவன் நான். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் எனக்கு மேலே மேனேஜராக வந்து போய்விட்டார்கள், அதில் ஒருவனுக்குப் பாலிசியை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்றுகூட நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு நீ வாரன்டி என்றால் என்ன என்று விளக்கம் எழுதுகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கார் வாங்கத்தான் வேண்டும், ஏனென்றால் உன் அம்மா என் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லி இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் அண்ணா நகருக்கு முழங்கால் சிகிச்சைக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். படியில் ஏறுவதற்குப் பின்னால் வருகிறவர்கள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் காரை எடுத்து வாசலில் நிறுத்தினால் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போகிறாள். டாக்டர் இதே மாதிரி போனால் இன்னும் ஆறு மாதத்தில் ஆபரேஷன் தவிர வழியில்லை என்கிறார். வண்டி பழசாகிவிட்டது, நின்றுபோனது, அதனால் பயப்படுகிறாள் என்று உனக்குப் போனில் சொன்னேன். அது முழுவதும் உண்மை இல்லை. கிரி உன்னிடம் அவன் பாணியில் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

உன் பெரியம்மா மகள் காவ்யஸ்ரீக்கு திண்டுக்கல்லில் வளைகாப்பு. முதல் வளையல் உன் அம்மா போட வேண்டும் என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டிருந்தாள். காலை பத்தரைக்கு சமயநல்லூர் தாண்டவில்லை, வண்டி இருமியது, நின்றது. பெட்ரோல் பம்ப் என்று எனக்கே தெரிந்தது. மூன்று மாதம் முன்புதான் பைபாஸ் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதைப் புதிதாக மாற்றி, ஆறு மாதம் காரன்டி வாங்கியிருந்தேன். பம்ப்பின் திருகாணிகள் மேல் சிவப்புப் பெயிண்டால் பொட்டு வைத்திருப்பார்கள், வெளியாள் திறந்தால் பெயிண்ட் உடையும், உடைந்தால் காரன்டி கிடையாது. எதிரே சின்னான் என்று ஒருவன் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். திருப்புளியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ள தூசி அடைச்சிருக்கு சார், கழத்தி ஊதி மாட்டுனா ஓடிரும், அஞ்சு நிமிசம் என்றான். நான் தொடாதே என்றேன். அவன் பொட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரிங்க சார் ஒங்க வண்டி என்று போய் உட்கார்ந்துகொண்டான். நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். இதோ ஆள் கிளம்பிட்டாருங்க என்றார்கள். பதினொன்றரைக்கும் கிளம்பிட்டாரு என்றார்கள், ஒன்றுக்கும் அதையே சொன்னார்கள்.

அக்கினி நட்சத்திர வெயில். உன் அம்மா பட்டுப் புடவையோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் திறக்கட்டுமே என்று, சின்னானுக்குப் புரியாதபடி நம் வீட்டுப் பாஷையில் இரண்டு தடவை சொன்னாள். காரன்டி போய்விடும் என்று நானும் இரண்டு தடவை சொன்னேன். பஸ்ஸில் போகலாமே என்றாள், வண்டியை அநாதையாக விட்டுவிட்டு எப்படி என்றேன். பன்னிரண்டரை மணிக்கு அவள் இறங்கி, சின்னானின் அம்மா ஒச்சாயியிடம் போய் ஏதோ கேட்டாள். அந்த அம்மாள் கைத்தாங்கலாக வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனபோதுதான், ஒரு பெண்பிள்ளையை எவ்வளவு நேரமாக நடுரோட்டில் உட்கார வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. உறைத்த பிறகும் நான் சின்னானைக் கூப்பிடவில்லை. மணி இரண்டாகிவிட்டது, இத்தனை நேரம் காத்திருந்துவிட்டு இப்போது பொட்டை உடைத்தால் காத்திருந்ததற்கு அர்த்தமே இல்லையே என்று எனக்குள் ஒரு கணக்கு. ஒர்க்‌ஷாப் ஆள் மூன்றேகாலுக்கு வந்தான். கழற்றினான், ஊதினான், மாட்டினான், புதிதாகப் பெயிண்ட் வைத்தான். தூசிக்கெல்லாம் காரன்டி கெடையாது சார் என்று சொல்லிக் கூலியும் வாங்கிக்கொண்டு போனான். காவ்யஸ்ரீக்கு வேறு யாரோ முதல் வளையல் போட்டு, பந்தி முடிந்து, எல்லோரும் கிளம்பியும் போய்விட்டார்கள். நாங்கள் பாதியிலேயே வீடு திரும்பினோம்.

இது நடந்து பத்து நாளில் கிரி புதுக் கார் யோசனையோடு வந்தான். உன் அட்டவணையில் முதலில் இருக்கும் அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஷோரூமில்தான் அவன் சிநேகிதன் வேலை செய்கிறான். மூணு வருசம் வாரன்டி அத்தான், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் என்றான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூற்று மூன்றில் அவன் சிநேகிதன் கடையில் ஐந்து வருட காரன்டியோடு ஃபிரிட்ஜ் வாங்கினோமே, இரண்டாம் வருடம் கடையே இல்லை. அதை நினைவுபடுத்தினால், இன்னுமா அத்தான் அதப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க என்கிறான். பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு ஃபிரிட்ஜும் இல்லை.

இருந்தாலும் போனேன். வாரன்டி புத்தகத்தைக் கேட்டு வாங்கி முழுவதும் படித்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முத்துமீனா என்று ஒரு விற்பனைப் பெண், இத யாருமே படிக்க மாட்டாங்க சார் என்றது. அந்த நம்பிக்கையில்தானம்மா அச்சடிக்கிறார்கள் என்றேன். டயரும் பேட்டரியும் அவற்றைச் செய்தவன் பொறுப்பு. ரப்பர், பல்பு, பிரேக் கட்டை சேராது. அவர்கள் சர்வீஸ் சென்டரில் மட்டுமே ஆயில் மாற்ற வேண்டும், ஒரு தவணை பிந்தினாலும் போச்சு. மதுரையில் ஒரு சென்டர், அடுத்தது திருச்சி. வழியில் நின்றால் இழுத்துக்கொண்டு வரும் செலவு நம்முடையது. இதே மாதிரி வாசகங்களை வைத்து எத்தனை பேருக்கு இல்லை என்று நான் கடிதம் எழுதியிருக்கிறேன் என்பதால் ஒவ்வொரு வரியும் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா கிரியோடு ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம், வழியில நின்னுருச்சுன்னா பக்கத்துல இருக்கிற மெக்கானிக் தெறந்து பாக்கலாமாம்மா என்று கேட்டாள். தொடவே கூடாதும்மா, வாரன்டி போயிரும் என்றது அது. உன் அம்மா எழுந்து ஆட்டோவுக்குப் போய்விட்டாள். கிரி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் சமயநல்லூர் போனேன். சின்னான் என்னைக் கண்டதும், வாங்கண்ணே, பொட்டு அழியாம இருக்கா என்றான். அவன் வயதுக்கு அது அதிகம், பொறுத்துக்கொண்டேன். ஷோரூமில் பார்த்த காரின் பேரையும் உன் அட்டவணையில் இருக்கும் உள்நாட்டுக் காரின் பேரையும் சொல்லி, எது நின்றால் உன்னால் ஓட வைக்க முடியும் என்று கேட்டேன். நம்ம ஊர்க் காருன்னா திருமங்கலத்துலருந்து திண்டுக்கல் வரைக்கும் எந்தக் கடையிலயும் சாமான் கிடைக்கும், அந்த வெளிநாட்டு வண்டிய நானும் ரெண்டு தெறந்துருக்கேன் என்றான். பிறகு திருப்புளியைத் துடைத்துக்கொண்டே, தெறக்கிறது கஷ்டமில்லண்ணே, நீங்க தெறக்க விடுவீங்களா, அதச் சொல்லுங்க என்றான். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒச்சாயி அம்மாள் எட்டிப் பார்த்து, அம்மாவுக்குக் கால் தேவலையா என்று கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

ஆகவே உள்நாட்டுக் காரையே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வருடம்தான் வாரன்டி. பணம் கட்டினால் இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பார்களாம், வேண்டாம் என்றேன். உன் அட்டவணையில் அதற்கு இரண்டு நட்சத்திரம், தெரியும், எழுதாதே. நேற்று உன் அம்மாவிடம், இனிமேல் வண்டி எங்கே நின்றாலும் பக்கத்தில் இருப்பவன் திறக்கட்டும், வாரன்டி போனால் போகட்டும் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இதை உங்கள் வாயால் சின்னானிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். நான் அங்கே போனது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இல்லை என்றேன். சரி என்றாள், கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று காலையில் மறுபடி சமயநல்லூர் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் சிரிக்கவில்லை, அந்த மட்டில் மரியாதை தெரிந்தவன்.

நீ அங்கே வேகமாக ஓட்டாதே, ராத்திரி வேலை முடிந்து தூக்கக் கண்ணோடு காரில் ஏறாதே. மருமகளை நான் விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்குப் போன் செய்து எனக்காகப் பரிந்து பேசும் வேலை வேண்டாம், அது எனக்கு இன்னும் அவமானம். இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வண்டியைத் தருகிறார்கள். உன் அம்மா கிரியோடு ஆட்டோவில் ஷோரூமுக்கு வருவாளாம். ஆட்டோவைத் திருப்பி அனுப்புவதா, காத்திருக்கச் சொல்வதா என்பதை அங்கே வந்து முடிவு செய்வாளாம்.

உன் அப்பா,
ஜனகராஜ்