தெருவில் நீட்டிய பாவு

இன்று ஒரு விடைத்தாளைத் திருத்த முடியாமல் மூடிவைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். கேள்வி நான் கொடுத்ததுதான். நாவல்களில் சில பொருள்கள் அதிகாரத்துக்கும் ஒழுங்குக்கும் அடையாளமாக எப்படி அமைகின்றன என்று கேட்டிருந்தேன். மற்ற மாணவிகள் செங்கோல், முத்திரை மோதிரம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் நாலே வரியில் முடித்துவிட்டாள். கடைசி வரி இது: "பொருளுக்கு முன்னால் நிற்கிறவர்கள் நிற்க விரும்பும் வரைக்கும்தான் அதற்குச் சக்தி." எத்தனை மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. நீ இருந்தால் அவளோடு சண்டைக்குப் போயிருப்பாய்.

நீ எழுதிக்கொண்டிருந்த நாவலும் இதைப் பற்றியதுதானே. மத்தியானங்களில் நீ ராட்டையில் பட்டு இழை சுற்றுவாய். உன் நீள நோட்டை நான் உரக்கப் படிப்பேன். நம் தெருவைப் போன்ற ஒரு நெசவாளர் தெருதான் கதை. ஆனால் அதில் மனிதர்கள் குறைவாகவும் சாமான்கள் அதிகமாகவும் பேசின. பஞ்சாயத்து நாற்காலி, கோயில் மணி, நாட்டாண்மையின் தலையில் கட்டும் பரிவட்டம்.

"ஏண்டி, உன் கதையில நாற்காலிக்கு இருக்கிற மரியாதை கதாநாயகிக்கு இல்லியே" என்று ஒருநாள் கேட்டேன்.

"ராஜா இல்லாத ஊர்ல சாமான்தான் ராஜா. உங்கப்பாவ அந்த நாற்காலியில ஒருநாள் உக்கார வெச்சிப் பாரு, உன்னயே யாருன்னு கேப்பாரு."

"எங்கப்பா உக்காந்தா தூங்கிடுவாரு."

நீ சிரித்ததில் இழை அறுந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினாய்.

ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் எனக்கு இன்னும் வரிவரியாக நினைவிருக்கிறது. ஒருவனை வெட்ட ஆட்கள் துரத்தி வருகிறார்கள். அவன் தன் வீட்டு வாசலுக்கு ஓடிவந்துவிடுகிறான். வாசலுக்கு முன்னால் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருக்கிறது. சேலைக்கான நீள இழைகளைக் கவைக்கோல்கள்மேல் ஏற்றி, கஞ்சி தெளித்து, அறுந்ததைப் பிணைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவை யாரும் தாண்டமாட்டார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூட அது முடியும் இடம்வரை நடந்து, சுற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் வருவான். நம் தெருவில் அம்மன் சப்பரமே ஒருமுறை காத்து நின்றிருக்கிறது. உன் கதையிலும் துரத்தி வந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள். பிறகு கடைசிவரை நடந்து சுற்றி வருகிறார்கள். வந்து சேர்வதற்குள் கை தளர்ந்துவிடுகிறது.

படித்து முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: "இது சத்தியம். இந்தத் தெருவில் இப்படித்தான் நடக்கும்." அதை நீ உன் அண்ணனிடம் காட்டினாய்.

"அப்ப நான் யார ஒதைச்சாலும் காத்தால ஒதைக்கணும். பாவு இருக்கிறப்ப" என்றான் அவன். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த ஆடித் திருவிழாவில்தான் அவன் அதைச் செய்தான். முதல் மரியாதை எப்போதும் நாட்டாண்மை வீட்டுக்கே போவதை மாற்ற வேண்டும், வருஷத்துக்கு ஒரு வீடாக முறை வைக்க வேண்டும் என்று அவனும் அவனைச் சேர்ந்தவர்களும் கேட்டிருந்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பூசாரி பரிவட்டத்தைக் கட்டி முடித்த மறுகணம் உன் அண்ணன் கையை நீட்டி, நாட்டாண்மையின் தலையிலிருந்து அதை உருவிவிட்டான்.

"துணிதானே" என்றான்.

ஒரு முழத் துணிதான். ஆனால் வெறுந்தலையோடு நின்ற அந்தக் கிழவரைப் பார்த்ததும் தெருவுக்கே ஆடை உருவப்பட்டதுபோல் இருந்தது. முதல் அடி யார் அடித்தார்கள் என்று தெரியாது. உன் அண்ணனின் பல் ஒன்று சந்நிதிக் கல்லில் விழுந்து உருண்டதைப் பார்த்தேன். பெண்கள் நாங்கள் குறுக்கே விழுந்து அவனை இழுத்து வந்தோம். பொழுது சாய்வதற்குள் உங்கள் ஓடுகள் கல்லடியில் நொறுங்கின. கையை எடுக்காமல் விடமாட்டோம் என்று யாரோ வாசலில் கத்திவிட்டுப் போனார்கள். பரிவட்டத்தைத் தொட்ட கையை.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போதும்போல் பாவு நீட்டினார்கள். உங்கள் வாசலையும் அடைத்துக்கொண்டு அது நீண்டிருந்தது. தெளித்த கஞ்சி காய்வதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வெட்டுக்கத்தி இரண்டு, மற்றதெல்லாம் தடி. முன்னால் வந்தவர் எங்கள் எதிர்வீட்டு மாமா. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். நான் எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்தேன்.

நீ வெளியே வந்து பாவுக்கு உன் பக்கம் நின்றாய். வெறுங்கை.

"ஓரமா போம்மா. உன்கூட ஒண்ணும் பேச்சு இல்ல" என்றார் மாமா.

"பாவு இருக்குது மாமா. சுத்திக்கினு வாங்க."

"பார்றா, படிச்ச பொண்ணு சட்டம் பேசுது" என்றான் பின்னால் ஒருவன்.

ஆனால் நின்றார்கள். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையாகவே நின்றார்கள். ஒருவன் பழக்கதோஷத்தில் செருப்பைக்கூடக் கழற்றினான். இரண்டு பேர் பாவின் முனையை நோக்கி நடக்கவும் தொடங்கினார்கள். உன் முகத்தில் பயம் இல்லை. எழுதியது பலித்ததைப் பார்க்கிற முகம் அது.

அப்போது உங்கள் பின்கட்டில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"பின்னால ஓடறான்டா."

மாமா பாவின்மேல் காலை வைத்தார். இழைகள் பட்பட்டென்று அறுந்தன. மிதித்த வேகத்திலேயே ஒரு கவைக்கோலைப் பிடுங்கினார். முதல் அடி உன் தோளில். நீ வாசற்படியை விடவில்லை. இரண்டாவது அடி தலையில். தேங்காய் உடைகிற சத்தம் என்று நான் எழுதினால் நீ அந்த வரியை அடித்துவிடுவாய்; வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ பாவின்மேல் சரிந்தாய். மற்றவர்கள் உன்னையும் பட்டையும் சேர்த்து மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கஞ்சி ஈரத்தில் உன் இரத்தம் இழை இழையாகப் பரவியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய். கடைசிவரை கண் திறக்கவில்லை.

உன் அண்ணன் தப்பித்துவிட்டான். ஓரிக்கை கிராமத்துப் பக்கம் ஓடி, ஆற்று மணலில் இறங்கி எங்கோ போய்ச் சேர்ந்தான். இரண்டு கைகளோடும் இருக்கிறான் என்று கேள்வி. அவர்கள் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவனைக் காப்பாற்றியது. அந்த அளவுக்கு உன் அத்தியாயம் பொய்யில்லை. ஆனால் நான் அந்த வரியைப் பென்சிலால் எழுதாமல் இருந்திருந்தால் நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருப்பாயோ என்று கேட்காத நாள் இல்லை.

இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. விசாரணைக்குப் போலீஸ்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பே சொல்லிவைத்திருந்தார்: "நீ ஒண்ணும் பாக்கல. உள்ள தண்ணி புடிச்சிக்கினு இருந்த. தெரியுதா?" எதிர்வாசலில் மாமா வெற்றிலை மென்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சது யாருன்னு பாத்தியாம்மா?"

"உள்ளே இருந்தேன்" என்றேன்.

உன் அம்மா பின்கட்டில் அண்ணனை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. தெருவில் மற்றவர்கள் எல்லோரும் பார்க்கவில்லை என்றார்கள். முழுவதையும் பார்த்தவள் நான். கூட்டத்தில் யார் அடித்ததென்று தெரியவில்லை என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள். உன் அம்மா ஊரைவிட்டுப் போகும்போது நோட்டை என்னிடம் கொடுத்து, "நீதான அவளுக்கு எல்லாம்" என்றாள். நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நம் தெரு சீக்கிரமே சரியாகிவிட்டது. ஒரு வாரத்தில் மறுபடி பாவு நீட்டினார்கள். அடுத்த ஆடியில் நாட்டாண்மைக்கே பரிவட்டம் கட்டினார்கள். எதிர்வீட்டு மாமா தினமும் காலையில் வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நுனிகூடப் பட்டில் பட்டுவிடாமல், பாவைச் சுற்றிக்கொண்டு டீ குடிக்கப் போகிறார். யாரும் அவரை விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

போன வாரம் எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கையில் விடைத்தாள் கட்டு. குனிந்தபடி வேகமாக வந்தவள், பாவுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் நின்றேன். பக்கத்தில் மாமா இருந்தார்.

"பாத்தும்மா. பாவு நீட்டிக்கினு இருக்காங்க. சுத்திக்கினு போ."

குரலில் கோபம் இல்லை. மகளிடம் பேசுவதுபோல்தான் சொன்னார். 'உள்ளே இருந்தேன்' என்று சொன்ன நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் என் வாய்வரை வந்தது. அவர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

நான் கடைசிவரை நடந்து, சுற்றிக்கொண்டு போனேன்.