இருநூறு எண்ணச் சொன்னீர்களே

இன்று காலை தோப்பிலிருந்து பெட்ரோல் வாசம் அடித்தது. புல் வெட்ட வந்த ஆள் மெஷினின் கயிற்றை இழு இழுவென்று இழுத்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"பெட்ரோல் ஏறமாட்டீங்குதுங்கம்மா" என்றார்.

ஏறாமல் என்ன? வீட்டு வாசல் வரைக்கும் நாறுகிறதே!

"ஏறாம இல்ல, மெஷின் அளவுக்கு மேல குடிச்சுப்போச்சு சாமி. சோக்கை எடுத்துவுட்டுட்டுச் சும்மா உக்காரு. நான் நூறு எண்ணறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். உங்களையும் அந்தப் பச்சைக் காரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளில் நம்ம ஊர் பெருமாட்டியில் கார் வைத்திருந்த வீடுகள் கொஞ்சம். யாரோ ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட காரை நீங்கள் வாங்கி வந்து களத்தில் நிறுத்தினீர்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். "ஏனுங்க, ஊட்டுல இருக்கற வண்டி மாடு போதாதுங்களா?" என்றேன். "மாட்டுக்கு ரிவர்ஸ் உண்டா புள்ள?" என்று சிரித்தீர்கள். ரிவர்ஸ் இருக்கட்டும், அந்தக் கார் முன்னால் போவதே பெரும்பாடு என்று மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது.

பானெட்டைத் திறந்து நீங்கள் தலையை உள்ளே விடுவீர்கள். சாவி என் கையில். டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பீர்கள், குழாயைக் கழற்றி வாயால் ஊதுவீர்கள், பம்பைப் பார்ப்பீர்கள், கடைசியில் கார்புரேட்டரை ஸ்பேனரால் இரண்டு தட்டு. "பெட்ரோல் வரலைன்னா ஒரு வைத்தியம், வந்து நெறஞ்சு போச்சுன்னா வேற வைத்தியம்" என்பீர்கள். பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் போகையில் மீனாட்சிபுரம் செக்போஸ்டில் வெயில் தாங்காமல் வண்டி நின்றுபோனது நினைவிருக்கிறதா? என் புதுத் துண்டை நனைத்துப் பம்பின் மேல் போட்டீர்கள். கல்யாண வீட்டில் உங்கள் வாயெல்லாம் பெட்ரோல் நாற்றம். வெற்றிலையை நான்தான் திணித்தேன்.

நிறைந்துபோனால் வைத்தியம் பொறுமைதான். அது எனக்கு ஏது? சாவியைத் திருகிக்கொண்டே இருப்பேன். அதனால் சத்தமாக நூறு எண்ண வைத்தீர்கள். எண்ணுக்கு ஒரு 'உம்' பானெட்டுக்குள்ளிருந்து வரும். நான் அறுபதிலிருந்து எண்பதுக்குத் தாவினால், "எழுவது எங்க போச்சு?" என்று பிடித்துவிடுவீர்கள்.

அந்த மத்தியானம் கடலைக்காட்டிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், மகள் பள்ளிக்கூடத்தில். நீங்களே நடந்துபோய்ப் பின்சீட்டில் படுத்தீர்கள்.

"சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டீருவியா புள்ள?"

சித்தூர் பக்கத்து ஊர்தான் என்றாலும், களத்தைச் சுற்றி ஓட்டிப் பழகியதுதான் எனக்கு. "ஓட்டீருவனுங்க" என்றேன்.

வெயிலில் கொதித்துக் கிடந்த வண்டிக்கு, பாவி நான், சோக்கை இழுத்தேன். குளிர்ந்த விடிகாலையில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற குமிழ் அது. சூட்டில் அதைத் தொடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! ஆக்ஸிலேட்டரையும் மிதி மிதியென்று மிதித்தேன். இன்ஜின் இருமிவிட்டு அடங்கிப்போனது. வாசம் பின்சீட்டுக்கு எட்டிவிட்டது.

"குடிச்சுப்போச்சு புள்ள. சோக்கை உள்ள தள்ளு. மிதியை முச்சூடும் அழுத்திப் புடி. இருநூறு எண்ணு. திரும்பிப் பாக்காத."

எப்போதும் நூறுதான். அன்று ஏன் இருநூறு என்று எனக்கு உறைக்கவில்லை. ரொம்பக் குடித்துவிட்டதாக்கும் என்று எண்ண ஆரம்பித்தேன். நீங்களும் உம் போட்டீர்கள். எழுபத்து மூன்றுக்கு உம் கேட்டது. எழுபத்து நான்குக்குக் கேட்கவில்லை. வலி குறைந்து கண் அசந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்த புத்தியை எதால் அடிப்பது? நீங்கள் சொன்ன எதையும் எதிர்ப்பேச்சு பேசாமல் கேட்டதில்லை. அன்று மட்டும் கேட்டேன். திரும்பவே இல்லை. இருநூறு முடிந்ததும் சாவியைத் திருகினேன். ஒரே திருகுதான்.

"ஏனுங்க, எடுத்துருச்சுங்க!" என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டே திரும்பினேன்.

அப்புறமும் ஓட்டினேன். உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். சித்தூர் வரைக்கும் அந்தக் கார் எங்கேயும் நிற்கவில்லை.

என் கையால் இழுத்த அந்தச் சோக்கை நினைத்து இத்தனை வருஷமாக அழுதிருக்கிறேன். இன்று வேறொன்றுக்கும் அழுகிறேன். நூறு எண்ணி முடித்ததும் அந்த ஆள் கயிற்றை இழுத்தார். மெஷின் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டது. நூறு போதும். உங்களுக்கு அது தெரியாதா என்ன? மிச்ச நூறு வண்டிக்கு இல்லை. நான் பார்க்கக் கூடாது என்பதற்காக அதைச் சொன்னீர்கள். எனக்கு அந்த நூறு வேண்டாங்க. திரும்பியிருந்தால் உங்கள் கையையாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

மாத்திரையோ தேங்காயோ, எதை எண்ணினாலும் எழுபத்து மூன்றில் என் வாய் நின்றுவிடும். இன்று தோப்பில் எண்ணும்போதும் நின்றது.

"ஏனுங்கம்மா, மறந்துட்டீங்களா?" என்றார் அந்த ஆள்.

"மறக்கலை சாமி" என்றேன். ஒரு உம்முக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, எழுபத்து நாலு என்றேன்.