உன்னைக் கொன்றது சப்பாத்து இல்லை

இப்போதுதான் கெண்டைக்காலில் நோவுக்குப் பாம் பூசினேன். அறை முழுக்க அந்த மணம். மூக்கு எரிகிறது, கண்ணும் எரிகிறது. பாம்தான் காரணம் என்று வைத்துக்கொள்.

சிநேகிதி, நீ போய் நாற்பது நாளுக்குப் பிறகு நேற்று நாம் ஓடும் அந்த மரைன் டிரைவ் கடற்கரை றோட்டில் ஓடினேன், தனியாக. இன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் படி இறங்குகிறேன். இரண்டாம் மாடி ரீச்சர் பார்த்துவிட்டார். "அவவுக்கு நடந்ததைப் பாத்தும் உங்களுக்குப் புத்தி வரேல்லையா?" என்றார். உன் செத்தவீட்டிலும் இதே கதைதான். ஐம்பத்தாறு வயதில் காற்சட்டையும் காலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஓடியதால்தான் போய்விட்டாயாம். எனக்குப் பொறுக்கவில்லை. "அவவைக் கொன்றது இரத்தப் புற்றுநோய், சப்பாத்து இல்லை!" என்று உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே கத்திவிட்டேன். செபம் சொல்லிக்கொண்டிருந்த பாதர்கூட நிறுத்திவிட்டார். நான் வெட்கப்படவில்லை.

கந்தசஷ்டி ஆறாம் நாள் ஞாபகம் இருக்கிறதா? ஐந்து நாள் பாலும் பழமும், அன்றைக்குப் பச்சைத்தண்ணீர்கூட இல்லை. ஓட்டத்தையும் விட மனமில்லை எனக்கு. வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குக் கிட்டப் போகும்போது கெண்டைக்கால் கல்லாக இறுகி இழுத்துப் பிடித்தது. "ஐயோ முருகா" என்று றோட்டிலேயே இருந்துவிட்டேன். நீ என்னை றோட்டுக் கரைக்கு இழுத்து, முழங்காலை நேராக்கி, கால்விரல்களை என் பக்கமாக மெல்ல வளைத்துப் பிடித்தாய். "முருகன் உன்னைப் பட்டினி கிடக்கச் சொன்னவர், சரி. ஓடவுமா சொன்னவர், விசரி?" மாதாவைக் கும்பிடும் கொட்டாஞ்சேனை வேதக்காரி நீ, என் கடவுளுக்காக என்னோடு சண்டை பிடித்தாய். அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. தண்ணீர் குடிக்காத நாளில் ஓட்டமே கிடையாது என்று அன்றைக்கே சட்டம் போட்டாய்.

உன் சட்டங்கள் ஒன்றா இரண்டா? முதல் பத்து நிமிடம் நடை. இடையில் விட்டுவிட்டால் பழைய தூரத்தை உடனே தொடாதே, பாதியிலிருந்து தொடங்கு. "அடுத்த நாள் உளைவுக்குப் படுத்துக் கிடக்காதே, மெல்ல நட. வீங்கினா மட்டும் டொக்டரிட்டப் போ." நேற்று இருந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் மறந்து முழுத்தூரமும் ஓடித் தொலைத்தேன். அதுதான் இந்தப் பாடு. பிழை என்னுடையது, ஓட்டத்தினுடையது அல்ல. டொரன்டோவிலிருந்து மகன், "காணும் அம்மா, இனி வீட்டுக்குள்ள இருங்கோ" என்கிறான். மாட்டன் என்றேன்.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் உன் காலும் இழுத்துப் பிடித்தது. நான் விரல்களை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இண்டைக்கு ஓடினனியா?" என்று கேட்டாய். இரண்டு மாதமாக உன் கட்டிலடியை விட்டு நான் எங்கே ஓடினேன்? ஆனாலும் ஓம் என்றேன்.

"எவ்வளவு தூரம்?"

"தெஹிவளை வரைக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

நாளைக்கு நடை, நாளை மறுநாள் ஓட்டம். ரீச்சர் ஜன்னலில் நின்று பார்க்கட்டும், மகன் கோபிக்கட்டும். உன்னிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அதைப் பொய்யாக விடமாட்டேன்.