எழுதாமல் விட்ட ஒரு பெயர்

நேற்று புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போயிருந்தேன். கொட்டகைக் கதவைத் திறந்ததும் தீவனமும் எச்சமும் கலந்த அந்தச் சூடான வாடை முகத்தில் அடித்தது. கணினியில் lsmod என்று தட்டினேன். லினக்ஸ் கர்னலில், அதாவது கணினியை இயக்கும் மைய நிரலில், ஏறியிருக்கும் மாட்யூல்கள் என்ற துணை நிரல்களின் பட்டியல் வந்தது. நீ எழுதிய மாட்யூல் அதில் இருக்காது என்று தெரிந்தும் மேலிருந்து கீழ்வரை தேடினேன்.

நாம் சேர்ந்து பண்ணைகளுக்குக் கணினி மாட்டிக்கொடுத்த கோடை அது. விசிறிகளை ஓட்டும் ரிலே கார்டுக்கு நீயே மாட்யூல் எழுதினாய். அது ஏறினால்தான் கணினிக்கு அந்தக் கார்டு இருப்பதே தெரியும். modprobe என்று தட்டி அதை ஏற்றியதும் கொட்டகை முழுக்க விசிறிகள் சுழன்றன. நீ சிரித்தாய்.

"இப்ப ஏத்துனது ஆஃப் பண்ணுனா போயிரும் மாப்ள. ஆன் ஆகுறப்ப படிக்கிற பூட் ஃபைல்ல அதோட பேர எழுதி வெச்சுரு, தானா ஏறிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பண்ணைக்குக் கிளம்பினாய். எனக்கு நல்ல பசி. சாப்பிட்டு வந்து எழுதலாம் என்று போனேன். வழியிலிருந்து போனில் கேட்டாய்: "எழுதிட்டயா?"

"எழுதிட்டேன்" என்றேன். அப்புறம் அடியோடு மறந்துவிட்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, கணினியும் திரும்ப எழுந்தது. மாட்யூல் ஏறவில்லை; அந்த வெயிலில் விசிறிகள் சுழலவில்லை. நாம் போய்ச் சேர்ந்தபோது கோழிகள் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. நீ அந்த ஃபைலைத் திறந்தாய். காலியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தாய். பண்ணைக்காரரிடம், "நாந்தானுங்க மறந்துட்டேன்" என்றாய். நான் குனிந்து செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளத் தொடங்கினேன்.

அதன்பின் எந்தப் பண்ணையிலும் உன்னைக் கூப்பிடவில்லை. நீ பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறைக்குத் துணி மடிக்கப் போனாய். உன் வேலையெல்லாம் எனக்கு வந்தது. வெட்கமில்லாமல் செய்தேன். அடுத்த வருடம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

காரியத்தன்று உன் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தேன். அவர் முந்திக்கொண்டார்: "பேர எழுத மறந்துட்டாருன்னு நீங்களும் அவரத் தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா." கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போதெல்லாம் பெயரை எழுதியதும் கணினியை அணைத்துப் போட்டு, விசிறி சுழலும்வரை நிற்கிறேன். நேற்றும் நின்றேன். "எழுதிட்டயா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. எழுதிவிட்டேன் மாப்ள. அன்றைக்கு எழுதவில்லை. அது உனக்குத் தெரியும். உன் மனைவிக்கு இன்றுவரை தெரியாது.