ஈரம் மிச்சமிருந்த பல்

1998 ஜூன் 3

ஷிஜியின் உடைந்த முன்பல்லில் போன வாரம் நான் ஒட்டிக் கட்டிய பாதி கழன்றுவிட்டது. கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்தாள், வித்துராவிலிருந்து இரண்டு பஸ் மாறி. "இதவிட சக்க அரக்கு நல்லா ஒட்டும் டாக்டரே" என்றாள். பலாப்பழப் பாலைச் சொல்கிறாள். சொல்லிவிட்டுச் சிரித்தபோது கையால் வாயை மூடிக்கொண்டாள். இருபத்தாறாம் தேதி கோவளத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ. வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவளை அங்கே யார் உட்காரவைப்பார்கள்?

மறுபடி ஒட்டினேன். சுசீலாபாய் மேடம் பின்னால் நின்றார். கிளினிக் அவருடையது. ஆசிட் தடவிக் கழுவிய பல்லைக் காற்றால் உலர்த்தும்போது, "சாக்பீஸ் மாதிரி வெளுக்கணும், இன்னும் ஊது ஸ்நேகா" என்றார். ஊதினேன்.

ஜூன் 7

பசை பாட்டிலோடு வந்த தாளை மூன்று தடவை வாசித்தேன். பல்லின் மேலோடு வெளுக்கலாம். உள்பகுதி ஈரத்தில் மினுங்க வேண்டும். காய்ந்தால் ஆசிட் திறந்துவிட்ட நுண்ணிய நார்கள் படுத்துவிடும், பசை இறங்காது. பூசினால் மட்டும் போதாது, பிரஷால் இருபது விநாடி தேய்க்கவும் வேண்டும்.

ஷிஜிக்கு உடைந்த இடத்தில் பெரும்பாலும் உள்பகுதிதான். அப்படியென்றால் என் கை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது — கழன்று விழும்படி.

ஜூன் 8

மேடத்திடம் தாளைக் காட்டினேன். "நீ வாசிச்ச காயிதம் பல்லுக்குத் தெரியுமா பிள்ளே? இருபது வருஷமா ஊதுறேன்."

அவர் கற்ற காலத்தில் மேலோட்டில் மட்டும்தான் ஒட்டினார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15

கழன்றுவிட்டதாம். போன் வந்தது.

ஜூன் 16

ஷிஜி வந்தாள். மேடம் பின்னால் நின்றார். தெரிந்தே ஊதினேன், வெளுக்கிற வரைக்கும். ஏன்? வேலை போய்விடும் என்றா? அதுகூட இல்லை. அவர் பின்னால் நின்றால் என் கை என்னுடையதாக இல்லை. என்ன பொம்மை நான்.

"இது நிக்குமா டாக்டரே?"

நிற்கும் என்றேன்.

ஜூன் 24

மூன்றாவது தடவையும் போய்விட்டது. ஷிஜி இன்று நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

மேடம் நாகர்கோவிலில், ஒரு கல்யாணத்துக்கு. காற்று ஊதாமல், ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி மட்டும் எடுத்தேன். பல் மினுங்கியது. பசையை இருபது எண்ணித் தேய்த்தேன், பிறகு இன்னொரு பூச்சு.

அவள் போனபின் கேஸ் ஷீட்டை நிரப்பினேன். செய்த முறை: "காற்றால் நன்கு உலர்த்தப்பட்டது." யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

ஜூலை 9

ஷிஜிக்கு வேலை கிடைத்துவிட்டது. போனில் அவள் சிரிப்பது கேட்டது. கை வாயில் இருந்திருக்காது.

ஆகஸ்ட் 31

புதிதாக இரண்டு டாக்டர்கள் சேர்ந்தார்கள். மேடம் ஷிஜியின் கேஸ் ஷீட்டை எடுத்து அவர்களுக்குக் காட்டினார். "மூணு தடவை விழுந்தது. நாலாம் தடவை ஸ்நேகா நல்லா ஊதினா. ரெண்டு மாசமா நிக்குது. எழுதியிருக்கு, பாருங்க."

நாற்காலியில் முன்பல் உடைந்த ஒரு டீச்சர் வாயைத் திறந்து காத்திருந்தார். மேடம் காற்றுக்குழாயை என் கையில் தந்து, செய்து காட்டச் சொன்னார்.

பல் வெளுத்தது. இருவரும் குறித்துக்கொண்டார்கள்.